சீந்தில் போடாத அண்டா

அம்சவல்லிக்கு யாரையும் சட்டென்று மதித்துவிட முடியாது. அது பிறவிக் குணம் என்பாள் அவள் அம்மா செவ்வந்தி. பிறவியும் இல்லை ஒன்றும் இல்லை, பார்த்துப் பார்த்து வந்தது என்பாள் அம்சவல்லி. குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, விடுமுறை நாளெல்லாம் அம்மாவோடு களை பறித்து, உதவித்தொகையில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துத் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அதுவரை அவள் சந்தித்த பெரிய மனிதர்களில் மதிக்கத் தக்கவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

மதிக்கத் தகாதவர்கள் வரிசையில் முதல் ஆள் அவளுடைய அப்பா கோவிந்தராசு. ஊர்ப் பண்ணை வீட்டாரின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்தார். பண்ணை வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். பொங்கலுக்கு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் கேட்காத கேள்விக்கெல்லாம் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வருவார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே அறுபது வருடத்தை ஓட்டிவிட்ட மனிதர் என்பது மகளின் கணிப்பு.

அவரும் ஒரே ஒரு தடவை தலைநிமிர்ந்ததுண்டு. அறுபத்தொன்பதில், குத்தகைக்காரர்களின் பெயரை ஏட்டில் பதியலாம் என்று சட்டம் வந்தபோது விவசாயச் சங்கத்தார் ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். கோவிந்தராசுவும் தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். பண்ணை வீட்டார் கோர்ட்டுக்குப் போனார்கள். ஏட்டில் ஏறிய பெயரை அசைக்க முடியவில்லை. அவராகக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தால் ஒழிய நிலம் அவர் கையை விட்டுப் போகாது. அம்சவல்லி இதையும் அவர் வீரத்தில் சேர்க்கவில்லை. பத்துப் பேர் போனார்கள், பதினோராவது ஆளாக இவரும் போனார், அவ்வளவுதான் என்று ஒதுக்கிவிட்டாள்.

வரிசையில் இரண்டாம் ஆள் அவளுடைய ஆய்வு நெறியாளர். அதே பண்ணை வீட்டின் இளைய மகன். பெற்றவர்கள் வைத்த பெயர் பக்கிரிசாமி. கல்லூரியில் படிக்கும்போதே மேடைப் பேச்சில் நாக்கு ருசி கண்டு, பெயரைப் பொழிலரசன் என்று மாற்றிக்கொண்டவர். பெயரை ஒரு தடவைதான் மாற்றினார். வேட்டிக் கரையைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றினார். அவரை 'சார்' என்று கூப்பிடக் கூடாது, 'ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும். வகுப்பில் வேதியியல் அரை மணி, முப்பாட்டன் பெருமை அரை மணி. சோதனைக்குழாயைப் பிடித்து வருடம் பத்தானாலும், பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டால் காய்ச்சலோடும் போய்விடுவார்.

"நம்ம குத்தகைக்காரர் மகள நானே டாக்டராக்கப் போறேன்" என்று அவர் பேசாத மேடை இல்லை. பேசும்போது அம்சவல்லி முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கைதட்டுகிற கூட்டம் ஒரு தடவை அவளையும் திரும்பிப் பார்க்கும். பொருட்காட்சியில் பெரிய பூசணிக்காயை வைப்பதுபோல் தன்னை வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தாள். பட்டம் வேண்டியிருந்தது.

அவளுக்குக் கொடுத்த ஆய்வு, சீந்தில். வேலியிலும் வேப்பமரத்திலும் ஏறிக் கிடக்கும் கொடி. அதன் தண்டை இடித்துத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றித் தெளியவைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு மாவு தங்கும். நாட்டு வைத்தியர்கள் அதைச் சீந்தில் சர்க்கரை என்பார்கள். வாயில் போட்டால் இனிக்காது. ஆனால் பெயர் முழுப் பொய்யும் அல்ல. சின்னச் சின்னச் சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்துச் சங்கிலியாக நின்றால் அதுதான் பாலிசாக்கரைடு. சீந்திலில் இருப்பது அது. அந்தச் சங்கிலி எப்படிக் கோத்திருக்கிறது என்பது அவளுடைய முதல் கேள்வி. அது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறதா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு இரண்டு வருடம் பிடித்தது. சங்கிலியை அமிலத்தில் உடைத்து, உடைந்த துண்டுகளைப் பிரித்து, எந்தச் சர்க்கரை எத்தனை பங்கு, எந்த இடத்தில் கிளை பிரிகிறது என்று ஒன்றொன்றாகக் கண்டுபிடித்தாள். பெரும்பாலும் குளுக்கோஸ், கொஞ்சம் அராபினோஸ், கொஞ்சம் கேலக்டோஸ். நேராகப் போகும் சங்கிலியில் ஆங்காங்கே கிளை. யாரும் குறை சொல்ல முடியாத வேலை. உலகத்தில் அவள் முழுமனதாக மதித்த விஷயம் ஒன்று உண்டென்றால் அந்த இரண்டு வருட நோட்டுப் புத்தகங்கள்தான். பொழிலரசன் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரிம்மா, வேலை செய்யுதான்னு சொல்லு. சனங்களுக்கு அதுதான் வேணும்" என்றார். எந்தச் சனங்கள் என்று அவள் கேட்கவில்லை.

இரண்டாம் கேள்விக்கான சோதனை பார்ப்பதற்கு எளிது. எலியின் வயிற்றிலிருந்து கிருமியை விழுங்கும் செல்களை எடுத்துத் தட்டில் வளர்க்க வேண்டும். மருந்தைச் சொட்டுவிட வேண்டும். செல்கள் விழித்துக்கொண்டால் ஒரு வேதிப்பொருளை வெளிவிடும். அதில் இன்னொரு கரைசலைச் சேர்த்தால் ரோஸ் நிறம் வரும். நிறம் அடர்த்தியாக இருந்தால் செல்கள் நன்றாக விழித்திருக்கின்றன என்று அர்த்தம். நிறமே இல்லாவிட்டால் மருந்து வெறும் மாவு.

இந்த இடத்தில் பொழிலரசன் தம் பங்கைச் செலுத்தினார். சீந்தில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறக் கூடாதாம். ஓடுகிற காவிரித் தண்ணீரில்தான் ஊற வேண்டுமாம். "சித்தர்கள் என்ன டிஸ்டில்ட் வாட்டரா வச்சிருந்தாங்க? காவிரி இல்லாம தமிழ் மருத்துவம் ஏதும்மா?" என்று அறைக்குள்ளேயே ஒரு கூட்டம் நடத்தி முடித்தார். ஆய்வகப் பணியாளர் கலந்தர் இரண்டு பிளாஸ்டிக் கேனோடு பஸ் ஏறித் திருவையாற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

கலந்தருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, முழங்காலில் வலி. இரண்டு வாரம் திருவையாறு போனார். மூன்றாம் வாரத்திலிருந்து சைக்கிளில் வடவாற்றுப் படித்துறைக்குப் போய் முக்கிக்கொண்டு வந்தார். அங்கே எருமைகள் படுத்துக் கிடக்கும், லாரி கழுவுவார்கள், கொஞ்சம் மேலே ஊர்ச் சாக்கடை வந்து சேரும்.

"எல்லாம் காவிரியிலேர்ந்து பிரிஞ்சு வர்ற தண்ணிதாம்மா. அய்யாகிட்ட சொல்லிடாத" என்றார்.

அம்சவல்லி சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கொதிக்கவைக்கப் போகிறோம், எந்தக் கிருமி பிழைக்கும் என்று நினைத்தாள். அதைவிட, பொழிலரசனின் காவிரிக் கூத்து அவளுக்கு அத்தனை இளக்காரமாக இருந்தது. யோசித்துப் பார்க்கக்கூடத் தகுதியில்லாத விஷயமாக அதைத் தள்ளிவிட்டாள். பின்னால் தன்னையே அவள் மன்னிக்காத தப்பு அதுதான். ஒருவரைக் கேவலமாக நினைத்த வேகத்தில், அவர் சேர்த்த தண்ணீரைச் சோதிக்காமல் விட்டாள்.

ரோஸ் நிறம் வந்தது. லேசாக அல்ல, கல்யாணப் பந்தலில் கொடுக்கும் ரோஸ்மில்க் மாதிரி வந்தது. பொழிலரசன் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அறையை இரண்டு சுற்றுச் சுற்றினார். அந்த மாதமே பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் அவர், அவர் கையில் தட்டு, ஓரத்தில் அம்சவல்லியின் தோள்பட்டை. சென்னையிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வந்து காபி குடித்துவிட்டுப் போனார். 'சீந்தில் அமுது' என்று மருந்துக்குப் பெயர் வைத்தாயிற்று. பாட்டிலை வெளியிட அமைச்சரே வருவார் என்று பேச்சு.

அந்த வருடம் ஆடி பிறந்தும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. தஞ்சாவூரில் இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனிப் பந்தலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். இரண்டு பந்தலிலும் பொழிலரசன் பேசினார். கலந்தர் காலிக் கேன்களோடு திரும்பி வந்து, "ஆத்துல பசங்க கிரிக்கெட் ஆடுறானுவோ" என்றார். வேறு வழியில்லாமல் சீந்திலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்தார்கள்.

ரோஸ் நிறம் வரவில்லை.

மறுபடி செய்தாள். வரவில்லை. நான்காவது தடவையும் தட்டு வெள்ளை வெளேரென்று கிடந்தது. பொழிலரசனிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை. முதலில் எலி சரியில்லை என்றார். பிறகு கரைசல் பழசு என்றார். பிறகு, வறட்சியில் கொடியே சத்தில்லாமல் போய்விட்டது என்றார். எல்லாவற்றையும் சரிபார்த்துக் காட்டிய பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் கை சரியில்லம்மா. சில பேர் கைக்கு மருந்து கட்டுப்படாது. அது ஒரு ராசி" என்றார்.

வேதியியல் பேராசிரியர் ராசி பார்த்துச் சொல்கிறார். அம்சவல்லிக்கு வந்த கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. அவள் கை என்ன கை என்று அந்த இரண்டு வருட நோட்டுகளுக்குத் தெரியும். கை மாறவில்லை, கொடி மாறவில்லை, எலி மாறவில்லை. மாறியது ஒன்றுதான். கதவுக்குப் பின்னால் போன பருவத்து ஆற்றுத் தண்ணீர் அரைக் கேன் கிடந்தது. அடியில் பச்சை படிந்திருந்தது.

அதை அண்டாவில் ஊற்றினாள். சீந்தில் போடவில்லை. ஒரு துணுக்குத் தண்டுகூடப் போடவில்லை. வெறும் தண்ணீரை, மருந்து செய்யும் அதே பக்குவத்தில் மூன்று மணி நேரம் கொதிக்கவைத்தாள், வடிகட்டினாள், சுண்டவைத்தாள், ஆல்கஹால் ஊற்றினாள். அடியில் பஞ்சுபோல் ஒரு சிட்டிகை வெள்ளை இறங்கியது. அதைக் கரைத்துச் செல்களின் மேல் விட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கரைசலைச் சேர்த்தபோது தட்டு முழுக்க ரோஸ் நிறம். சீந்தில் போட்ட காலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

விஷயம் பட்டவர்த்தனமாகிவிட்டது. கொதிக்கிற தண்ணீரில் கிருமி சாகும், ஆனால் அதன் மேல்தோல் அழியாது. அந்தத் தோலும் ஒரு சர்க்கரைச் சங்கிலிதான், ஓரத்தில் கொழுப்பு ஒட்டிய சங்கிலி. சீந்தில் மாவோடு மாவாக அதுவும் ஆல்கஹாலில் இறங்கிவிடும். உடம்பின் செல்கள் அதைக் கண்டால் எதிரி வந்துவிட்டான் என்று துள்ளி எழும். இத்தனை நாள் எழுந்தது அதற்குத்தான். சித்தர் கண்ட அமுதுக்கு மருந்துக் கம்பெனிக்காரர் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது எருமை குளித்த கழிவு.

அம்சவல்லி தனியாக நின்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம்தான், அந்தக் கழிவின் மேல் நிற்பது தன்னுடைய ஆய்வேட்டில் பாதி என்பது உறைத்தது. சிரிப்பு நின்றது.

ஒரு வாரத்தில் அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாள். சீந்திலின் சங்கிலி அமைப்பு இது, அதில் சந்தேகம் இல்லை. நோய் எதிர்ப்பைத் தூண்டியது சீந்தில் அல்ல, ஆற்று நீரிலிருந்த கிருமித் தோல். இந்தச் சோதனைகள் அதை நிரூபிக்கின்றன. பிழை எங்கள் பிழை. பதினெட்டுப் பக்கம் வந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த கெடு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் நெறியாளர் கையெழுத்தோடு ஆய்வேடு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பதிவு ரத்தாகும், பட்டம் இல்லை.

பொழிலரசன் பதினெட்டுப் பக்கத்தையும் படித்தார். படிக்கத் தெரிந்தவர்தான், அதுவரை படிக்கவில்லை, அவ்வளவுதான்.

"இந்த அத்தியாயத்த எடுத்துடு. பழச வச்சிடு."

"பழசு தப்புங்க ஐயா."

"ஆய்வேட்டுல 'தண்ணீர்'னுதானம்மா போட்டிருக்கோம்? எந்தத் தண்ணின்னு எவன் கேக்கப் போறான்?"

"எவனும் கேக்க மாட்டாங்க ஐயா. ஆனா குடிக்கிறவங்களுக்கு அது மருந்தாயிடுமா?"

"அமைச்சர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? வடவாத்துச் சாக்கடைன்னா?" கலந்தர் விஷயமும் அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் இருந்தது. "உண்மை உண்மைங்கிற. உண்மைய மேடையில பேசலாம்மா. இது பொழப்பு. இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. போடவே முடியாது."

அவள் பக்கங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. பழைய அத்தியாயத்தை வைத்துக் கட்டிக் கொடுத்துவிட ஒரு மணி நேரம் போதும். அவள் வைக்கவில்லை. அடுத்த சில நாள் தன்னைத் தவிர இந்த ஊரில் யோக்கியன் எவனுமில்லை என்று அவள் பலமாக நம்பினாள்.

நான்காம் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தம் வீட்டுக்கு வரச் சொல்லி பொழிலரசன் ஆள் அனுப்பினார். ஊரிலிருந்து கோவிந்தராசு வந்து இறங்கினார், சலவை வேட்டி, துண்டு. தஞ்சாவூர் வீட்டின் கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூணோரம் நின்றார். அம்சவல்லி வேண்டுமென்றே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"வாய்யா கோவிந்தராசு. ஒன் பொண்ணு விஷயமாத்தான். புடிவாதக்காரியா இருக்கு. சரி, நம்ம வீட்டுப் புள்ள மாதிரி. அது எழுதுனபடியே நான் கையெழுத்துப் போட்டுடறேன். நாளைக்கே போடறேன்."

அம்சவல்லி நிமிர்ந்தாள். நான்கு நாளைக்கு முன்னால் போடவே முடியாத கையெழுத்து.

"நம்ம ஆறு மாவும் இப்ப ரோட்டோரமா வந்துடுச்சு. பிளாட் போடக் கேக்குறாங்க. நீயும் எத்தன நாளைக்கு மாரடிப்ப? தண்ணியும் வர்றதில்ல. குத்தகைய விட்டுக்கொடுத்துட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு. நீ ஒண்ணு போடு, நான் ஒண்ணு போடறேன். பொண்ணு டாக்டராயிடும்."

அமைச்சரும் இல்லை, காவிரியும் இல்லை, சித்தரும் இல்லை. இந்த மனிதனுக்கு உண்மையும் ஒன்றுதான், பொய்யும் ஒன்றுதான். ஆறு மா கிடைத்தால் எதன் கீழும் பெயர் எழுதுவான். இவனையா நான்கு வருடம் 'ஐயா' என்று கூப்பிட்டோம் என்று நினைத்தாள்.

கோவிந்தராசு பேசவில்லை. அரை நிமிடம் இருக்கும். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அம்சவல்லி அப்பாவையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வழக்கம்போல.

"முடியாதுங்க, சின்னய்யா" என்றார்.

பொழிலரசனுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்னவோ, "என்ன?" என்றார்.

"முடியாதுங்க. தண்ணி வர்றப்ப வரட்டுங்க. பேரு ஏட்டுல இருக்கட்டும்."

"யோவ், ஒன் மக படிப்புய்யா. நாலு வருஷம்."

"தெரியுங்க." குரல் அதே பணிவான குரல்தான். தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப நாங்க வர்றோங்க."

கெடு முடிந்தது. ஆய்வேடு கையெழுத்தில்லாமல் அலமாரியில் கிடந்தது. அடுத்த வருடம் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் வேறொரு மாணவர் பழைய அத்தியாயத்தை வைத்துப் பட்டம் வாங்கினார். அமைச்சர் வந்தார். ஆட்சி மாறியிருந்ததால் வேறு அமைச்சர். அம்சவல்லி பி.எட். முடித்துத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கப் போய், அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள். பொழிலரசன் பெயரை யாராவது எடுத்தால், "அவன் ஒரு ஆளா?" என்பதோடு முடித்துக்கொள்வாள். அந்தக் கதையில் அவளால் முடித்துக்கொள்ள முடியாத இடம் வேறு. அது அன்றைக்குப் பஸ்ஸில் நடந்தது.

கும்பகோணம் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கு வருகிறேன் என்று அவளும் கிளம்பியிருந்தாள். பஸ் ஐயம்பேட்டையைத் தாண்டியது. கோவிந்தராசு ஜன்னலோரம், துண்டு மடியில்.

"எம்மேல கோவமா, அம்சா?"

"நீ 'சரிங்க'ன்னு சொல்லிடுவேன்னு நெனச்சேன்ப்பா."

"சொல்லிடுவேன்னு பயந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார், அவளும் நாளடைவில் நம்பியிருப்பாள். ஆனால் கூடத்தில் அந்த அரை நிமிடம் அவளுக்குள் ஓடியது பயம் அல்ல. சொல்லிடு, சொல்லிடு, ஆயுசெல்லாம் அவங்களுக்குச் சொன்னியே, எனக்காக ஒரு தடவ சொல்லு என்று அவள் மனசு கிடந்து கெஞ்சியது. பதினெட்டுப் பக்க யோக்கியத்தைக் காப்பாற்ற அவர் ஆறு மாவைக் கொடுத்துவிட வேண்டும் என்று, அசல் பொழிலரசனைப்போல, அவளும் கணக்குப் போட்டுவிட்டாள். நினைக்க நினைக்க அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இல்லப்பா" என்றாள். "சொல்லணும்னு நெனச்சேன்."

கோவிந்தராசு திரும்பவில்லை. வெளியே வரப்போடு வரப்பாக வெடித்துக் கிடந்த வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தெரியும்மா" என்றார். "அதான் ஒன் மூஞ்சியப் பாக்காம சொன்னேன்."